ஜோக்கரைப் பிடிக்கலையா, ஜானி ஃப்ராஸ்ட்டைப் பிடிக்கலையா?

கேள்வி: ஆசிரியர் சாருக்கு வணக்கம். பேட்மேனோட பரம எதிரி ஜோக்கரை வச்சு பிரையன் அஸ்ஸரெல்லோ எழுதி லீ பெர்மெஹோ வரைஞ்ச 'ஜோக்கர்' கிராஃபிக் நாவல் பத்தி வாசகர்கள்கிட்ட கருத்து கேட்டு போன இதழ்ல போட்டிருந்தீங்க. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், திட்டி எழுதினவங்கதான் ஜாஸ்தி. பேட்மேன் கடைசி சில பக்கத்துலதான் வர்றாரு, வில்லன்கள் யாரும் நமக்குத் தெரிஞ்ச மாதிரி இல்ல, ரத்தம் தாங்க முடியல, ஜோக்கர் ஏன் இப்படி ஆனான்னு எங்கயும் சொல்லல, இதெல்லாம் நியாயமான குறைதானே? நீங்க மட்டும் இது முக்கியமான புக்னு சொல்லிட்டே இருக்கீங்க. பெரும்பான்மை வாசகர் சொன்னதை ஏத்துக்கிட்டு மோசமான புக்குனு ஒத்துக்க வேண்டியதுதானே? – ஒரு நீண்டகால வாசகர்

பதில்: நண்பரே, முதல்ல அந்த எண்ணிக்கை விஷயத்தைப் பேசிடுவோம். 1988ல பேட்மேன் கதைகளை வெளியிடற டிசி காமிக்ஸ் வாசகர்கள்கிட்ட ஓட்டு கேட்டாங்க, அப்போ பேட்மேனோட சின்ன வயசுக் கூட்டாளி ராபினா இருந்த ஜேசன் டாட் ஜோக்கர் கையில சிக்கி கடப்பாரையால அடி வாங்கி குண்டுவெடிப்புல மாட்டிக்கிறான், அவன் பிழைக்கணுமா சாகணுமான்னு முடிவு பண்ண ரெண்டு போன் நம்பர் கொடுத்தாங்க, ஒரு கால் 50 சென்ட். சாகட்டும்னு 5,343 ஓட்டு, பிழைக்கட்டும்னு 5,271. வெறும் 72 ஓட்டு வித்தியாசத்துல அந்தப் பையனைக் கொன்னாங்க. அந்தக் கதை நல்ல கதையா மோசமான கதையான்னு அந்த 72 ஓட்டு ஏதாவது சொல்லுதா? பையனைப் பிடிக்கலைன்னு மட்டும்தான் சொல்லுது. நமக்கு வந்த கடிதங்களும் அப்படித்தான், நிறைய பேருக்குப் பிடிக்கலைங்கறது எனக்கு நல்லாவே புரியுது, அதை நான் மறைக்கவும் இல்ல, அதனாலதான் திட்டின கடிதம் அத்தனையையும் போட்டேன். ஆனா பிடிக்கலைங்கறது வேற, மோசம்ங்கறது வேற, ரெண்டாவதுக்கு காரணம் சொல்லணும்.

சரி, காரணம்னு நீங்க சொன்னதுக்கு வர்றேன். வில்லன்கள் பழைய மாதிரி இல்லைங்கறீங்க. எந்தப் பழைய மாதிரி? 1940ல முதல் பேட்மேன் இதழ்ல ஜோக்கர் வந்தப்போ ஈவிரக்கமில்லாத கொலைகாரன். 1954ல காமிக்ஸ் கோட்னு ஒரு கட்டுப்பாடு வந்த பிறகு வருஷக்கணக்கா விளையாட்டுக் குறும்பனா இருந்தான், 1973ல டென்னி ஓ'நீலும் நீல் ஆடம்ஸும் சேர்ந்து அவனைத் திரும்ப கொலைகாரன் ஆக்கினாங்க. நாம எந்த வயசுல எந்த ஜோக்கரைப் படிச்சோமோ அதுதான் நமக்கு அசல்னு மனசுல பதிஞ்சிடுது, அதுல தப்பில்ல, ஆனா அதை வச்சு 2008ல வந்த ஒரு புத்தகத்தை அளக்கக்கூடாது.

அதோட இதுல வில்லன்களை மாத்தினதுக்கு ஒரு கணக்கு இருக்கு. பேட்மேன் இல்லாத நேரத்துல இந்த ஆளுங்க எல்லாம் அந்த ஊருல எப்படிப் பிழைப்பாங்கன்னு அஸ்ஸரெல்லோ யோசிச்சிருக்காரு. ஜோக்கர் ஆர்க்கம்ங்கற மனநல மருத்துவமனையில இருந்து வெளிய வர்றான், உள்ள இருந்த நேரத்துல அவன் ஏரியாவை மத்தவங்க பங்கு போட்டுக்கிட்டாங்க, அதைத் திரும்பப் பிடிக்கணும், இவ்வளவுதான் கதை. அந்த உலகத்துல பென்குயின் பணத்தைப் பார்த்துக்கற ஆளு, ஹார்வி டென்ட் ஏரியாவைக் கையில வச்சிருக்கற தாதா, ரிட்லர் கைத்தடி ஊன்றி நொண்டி நடக்கற ஆளு, கில்லர் க்ராக் முதலை இல்ல, தோல் வியாதி உள்ள பெரிய உருவம் கொண்ட அடியாள். ஒரு வாசகர் 'க்ராக்கை சாதா ரவுடி ஆக்கிட்டாங்களே'ன்னு வருத்தப்பட்டிருந்தாரு. எனக்கு அவன் இப்பதான் பயமா இருக்கான், ஏன்னா முதலை மனுஷனை நான் கதையில மட்டும்தான் பார்ப்பேன், இந்த மாதிரி ஒரு ஆளு கதவைத் தட்டினா திறந்துதான் ஆகணும்.

இப்போ நான் நிஜமா சொல்ல வந்தது. திட்டி எழுதினவங்க, 'மாஸ்'னு கொண்டாடி எழுதினவங்க, ரெண்டு கட்சியுமே ஒரே ஆளை மறந்துட்டாங்க. வந்த கடிதங்கள்ல ஒண்ணே ஒண்ணுலதான் ஜானி ஃப்ராஸ்ட் பேரு இருக்கு. இந்த 120 பக்கத்துக்கு மேலான புக்கை நமக்குச் சொல்றதே அவன்தான்! ஜோக்கர் வெளிய வர்றான்னதும் போய்க் கூட்டிட்டு வர யாருக்கும் தைரியம் வரல, நான் போறேன்னு கை தூக்கின சில்லறை ரவுடி. கார் பக்கத்துல நின்னுக்கிட்டு அந்தக் கேட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கான் பாருங்க, அந்த இடத்துலயே அவன் விழுந்துட்டான். பெரிய ஆளு பக்கத்துல நின்னா நாமும் பெரிய ஆளு ஆயிடலாம்னு நினைக்கற மனசு அது. ஜோக்கர் அந்தப் பக்கங்கள்ல கம்பீரமா தெரியறான்னா, ஃப்ராஸ்ட் கண்ணுக்கு அப்படித் தெரியறான், அவ்வளவுதான். அதை எழுத்தாளரோட தீர்ப்புன்னு எடுத்துக்கிட்டு ஒரு கட்சி 'கொலைகாரனைப் புகழறாங்க'ன்னு கோபப்படுது, இன்னொரு கட்சி அதே பக்கத்தைப் பார்த்து கை தட்டுது. கை தட்டினவங்ககிட்ட நான் கொஞ்சம் கடுமையாவே சொல்றேன், நீங்க அந்தக் கார் பக்கத்துல நின்னுட்டிருக்கீங்க, கடைசிப் பக்கம் வரைக்கும் ஃப்ராஸ்ட்டுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்துட்டு எழுதுங்க.

ரத்தம் பத்தி. ஆமாங்க, அதிகம்தான், சின்னப் பசங்க கையில இது போகக்கூடாது, அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. க்ளப் மேடையில தோல் உரிக்கப்பட்ட ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தற காட்சியை நானும் ஒரு தடவைக்கு மேல பார்க்கல. ஆனா அந்த நேரத்துல ஃப்ராஸ்ட் என்ன பண்றான்? எழுந்து போகல. பயந்துட்டும் அங்கயே இருக்கான், அடுத்த நாளும் கார் ஓட்டறான். ரத்தத்தை விட அதுதான் என்னைத் தொந்தரவு பண்ணுச்சு.

ஜோக்கர் ஏன் இப்படி ஆனான்னு சொல்லலைங்கற குறைக்கு, சொல்லாததுதான் சரின்னு நினைக்கறேன். 1988ல ஆலன் மூர், பிரையன் போலண்ட் கூட்டணியில வந்த 'தி கில்லிங் ஜோக்' ஒரு மோசமான நாளைக் காரணமா காட்டிச்சு, அதுலயும் கூட ஜோக்கரே தன் பழைய கதை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி ஞாபகம் வருதுன்னு சொல்லிடுவான். இங்க அதுவும் இல்ல. ஒரே ஒரு இடம், கதவு வழியா ஃப்ராஸ்ட் பார்க்கறான், ஜோக்கர் மண்டி போட்டு அவனோட ஜோடி ஹார்லி மடியில அழுதுட்டிருக்கான். எதுக்குன்னு ஃப்ராஸ்ட்டுக்கும் தெரியாது நமக்கும் தெரியாது. அந்தப் பேனல்ல, அதாவது அந்தப் படக் கட்டத்துல, எழுத்து இருந்திருந்தா நான் புக்கை மூடி வச்சிருப்பேன், காரணம் சொல்லியிருந்தா நாம அவனை மன்னிக்க ஆரம்பிச்சிருப்போம்.

கடைசிக் காட்சியைப் பத்தி பேசாம இருக்க முடியல, படிக்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க. இந்தப் புக்கு முழுக்க வாய் பத்தினதுன்னு நான் ரெண்டாவது தடவை படிச்சப்பதான் கண்டுபிடிச்சேன். பெர்மெஹோ வரைஞ்ச ஜோக்கரோட வாயைப் பாருங்க, லிப்ஸ்டிக் சிரிப்பு இல்ல, ரெண்டு பக்கமும் கிழிஞ்சு தழும்பான வாய், அவன் அழும்போதும் அது சிரிக்கற மாதிரியேதான் இருக்கு. பேட்மேன் எதிர்ல வந்து நிக்கும்போது ஜோக்கர் கத்தறான், 'நீ எல்லாத்தையும் மூடிக்கிட்டு வாயை மட்டும் ஏன் திறந்து வச்சிருக்கே'ன்னு. பேட்மேன் உன்னைக் கேலி பண்ணத்தான்னு ஒரே ஒரு பதில்தான் சொல்றாரு, புக்குல அவரு பேசறதே அவ்வளவுதான்னு வச்சுக்கங்க. உடனே ஜோக்கர் என்ன பண்றான்? பேட்மேனைச் சுடல. பக்கத்துல இருக்கற ஃப்ராஸ்ட்டோட தாடையில சுடறான். இத்தனை பக்கம் நமக்குக் கதை சொல்லிட்டு வந்த அந்த வாயில! அதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேரும் சண்டையில இறங்கிடறாங்க, இவனை யாரும் திரும்பிப் பார்க்கல. பேட்மேன் சில பக்கம்தான் வர்றாருன்னு சொன்னீங்களே, இன்னும் பத்துப் பக்கம் வந்திருந்தா இது பேட்மேன் கதையா ஆகியிருக்கும், ஃப்ராஸ்ட்டோட அடி நமக்கு உறைச்சிருக்காது.

ஒரு கடிதத்துல, அதே வருஷம் வந்த 'தி டார்க் நைட்' பேட்மேன் படத்தைக் காப்பி அடிச்சிட்டாங்கன்னு இருந்தது. தழும்பு வாய் ரெண்டுலயும் இருக்கு, உண்மை. ஆனா ஒரு கிராஃபிக் நாவலை இந்த அளவு வரைய எவ்வளவு காலம் ஆகும்னு யோசிங்க, ஜூலையில ரிலீஸ் ஆன படத்தைப் பார்த்துட்டு வருஷம் முடியறதுக்குள்ள உட்கார்ந்து வரைஞ்சு முடிக்கற வேலையா இது? சில பக்கங்களுக்கு பென்சில் கோட்டு மேல பெர்மெஹோவே இங்க் போட்டிருக்காரு, மத்ததுக்கு மிக் க்ரே. முகத்துக்கு நெருக்கமா போற பேனல்கள்ல கோடே தெரியாம ஓவியம் மாதிரி இருக்கும், அடுத்த பேனல்ல திடீர்னு கறுப்புக் கோடு கெட்டியா நிக்கும். இந்த மாறுதல் எனக்கு அங்கங்க உறுத்துச்சுன்னும் சொல்லிடறேன்.

இவ்வளவு சொன்னதால நான் இந்தப் புக்கை முழுசா தூக்கிப் பிடிக்கறேன்னு நினைக்காதீங்க. நான் மேல சொன்னேனே, ஃப்ராஸ்ட் பேரை எழுதின ஒரே ஒரு கடிதம், அது ஒரு சகோதரி எழுதினது. அவங்க கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. ஹார்லி க்வின் இந்தப் புக்குல ஒரு வார்த்தை கூடப் பேசறது கிடையாது, கவனிச்சீங்களா? 1992ல கார்ட்டூன் தொடருக்காக பால் டினியும் ப்ரூஸ் டிம்மும் உருவாக்கின பாத்திரம் அது, காமிக்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடியே குரலோட பிறந்தவ, அவ பேச்சுதான் அவளுக்கு அடையாளமே. அவளைக் கொண்டுவந்து மேடையில ஆட வச்சு, துப்பாக்கி கொடுத்து, வாயை மட்டும் மூடிட்டாங்க. வாய் பத்தின புக்குங்கறதால அதுவும் திட்டம் போட்டு செஞ்சதுன்னு நான் வாதாடலாம், பாதி மனசோட வாதாடவும் செய்வேன். ஆனா ஃப்ராஸ்ட்டோட முன்னாள் மனைவிக்கு நடக்கற கொடுமைக்கு அந்த வாதமும் கிடையாது. அவளுக்குன்னு ஒரு முகம், ஒரு கோபம், ஒரு பக்கம் கூட ஒதுக்கல, ஃப்ராஸ்ட் எவ்வளவு கீழ போயிட்டான்னு நமக்குக் காட்டறதுக்காக அவளை உபயோகப்படுத்திட்டு அடுத்த காட்சிக்குப் போயிட்டாங்க. 'தி கில்லிங் ஜோக்'ல போலீஸ் கமிஷனரான அப்பாவை மனசளவுல உடைக்கறதுக்காக மகள் பார்பரா கார்டனைச் சுட்டாங்களே, அதே தப்பு, 20 வருஷம் கழிச்சு, அதுக்குள்ள அதைப் பத்தி எவ்வளவோ பேர் பேசி எழுதி முடிச்ச பிறகு. பார்பராவையாவது அடுத்த வருஷமே வேற எழுத்தாளர்கள் எடுத்து ஆரக்கிள்னு சக்கர நாற்காலியில உட்கார்ந்தே எல்லாருக்கும் வழி காட்டறவளா நிமிர்த்தினாங்க, இவளை அப்படி எடுக்க யாரும் இல்ல. ரத்தத்தைப் பத்தி பக்கம் பக்கமா கோபப்பட்ட நம்ம வாசகர்கள்ல அந்த சகோதரி தவிர வேற யாருக்குமே இது கண்ணுல படலைங்கறது எனக்கு வருத்தமா இருந்துச்சு, முதல் தடவை படிச்சப்போ என் கண்ணுலயும் படல.

மோசமான புக்குனு எழுதித் தாங்கன்னு கேட்டீங்க, எழுத மாட்டேன். ஆனா அந்த ஒரு இடத்துல இது தோத்த புக்குனு எழுதறேன், அதுக்கு உங்க எண்ணிக்கை காரணமில்ல, அந்த ஒரு கடிதம்தான் காரணம். போன இதழ்ல இடம் பத்தலைன்னு அதைப் பாதியா வெட்டிப் போட்டேன், ஹார்லி பத்தின பத்தியே போயிடுச்சு, அது என் தப்பு. அடுத்த இதழ்ல ஒரு வரி விடாம முழுசா வரும், நீங்க அதைப் படிச்சிட்டு எனக்குத் திரும்ப எழுதுங்க.