வாட்ஸ்அப் போல ஒரே கம்பெனியின் கையில் இல்லாத மெசேஜிங் சேவை உண்டா? வீட்டாரை அதற்கு எப்படிக் கொண்டுவருவது?

உண்டு. ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு மடல் போகிறதல்லவா? அதே மாதிரி, ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். 1999-ல் ஜாபர் என்று தொடங்கிய எக்ஸ்எம்பிபி, 2014-ல் வந்த மேட்ரிக்ஸ் என்ற இரண்டு மெசேஜிங் முறைகளும் இப்படித்தான். கூகுளின் பழைய அரட்டைச் சேவையான கூகுள் டாக்கும் ஒரு காலத்தில் வெளி சர்வர்களோடு பேசியது. அதற்குப் பதிலாக 2013-ல் வந்த ஹேங்அவுட்ஸில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பில்தான் எக்ஸ்எம்பிபி-க்கான புரோசடி என்ற சர்வர் மென்பொருள் ஓடுகிறது. சொந்தமாக ஒரு டொமைன் (இணையப் பெயர்) வாங்கினேன், அவ்வளவுதான். அம்மா போனில் கான்வர்சேஷன்ஸ் என்ற எக்ஸ்எம்பிபி செயலியைப் போட்டுக் கொடுத்தேன். முதல் வாரமே, "நீ மத்தியானம் அனுப்பினது ராத்திரிதான்டா வந்துச்சு" என்றார். போனின் பேட்டரி சேமிப்பு, செயலியைப் பின்னணியில் நிறுத்தியிருந்தது. செட்டிங்ஸில் அதற்கு விலக்கு கொடுத்ததும் சரியாகிவிட்டது. இதைச் செய்யாமல் யாருக்கும் நிறுவித் தராதீர்கள்; ஒருமுறை மெசேஜ் தாமதமானால் திரும்ப வரமாட்டார்கள்.

ஓமெமோ குறியாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே மெசேஜைப் படிக்க முடிகிற பூட்டு), சுதந்திரம் என்றெல்லாம் ஆரம்பத்திலேயே விளக்க வேண்டாம். குழந்தை படங்களை அங்கே மட்டும் போடுங்கள். தாத்தா பாட்டி தாங்களே கேட்டு வருவார்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.