அப்பாவைப் பூட்டி வைக்காதீர்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. ஓய்வு பெற்ற பிறகு தினமும் ஒரு குவார்ட்டர் என்றாகிவிட்டது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். நாலு நாள் அறையில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் அண்ணன். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து என்று விளம்பரமும் பார்த்தேன். இந்த வயதில் இனி நிறுத்த முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும். வயதான பிறகு குடி கூடியவர்கள் சிகிச்சைக்கு நன்றாகவே ஒத்துவருகிறார்கள். ஆனால் அண்ணன் சொல்லும் அந்த நாலு நாள்தான் உயிருக்கே ஆபத்தான நாலு நாள்.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. வயதாக ஆக உடம்பில் நீர் குறைவதால், அதே குவார்ட்டர் ரத்தத்தில் முன்பைவிட அதிகமாக ஏறும். இதற்குப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் நாலாம் நாள் வரை மனக்குழப்பம்: இல்லாத ஆளிடம் பேசுவார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். ‘வயசாயிடுச்சு, உளறுறார்’ என்று விட்டுவிடாதீர்கள். அப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை இறங்கினாலும் இதே நடுக்கம், இதே வியர்வைதான். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டி, நினைவும் தெளிவாக இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

எனவே டாக்டரைப் பார்க்கும் வரை நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவு கூடாமலும், வெறும் வயிற்றில் குடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மாத்திரை அட்டைகள் அத்தனையையும் எடுத்துச் செல்லுங்கள், தூக்க மாத்திரை உட்பட. கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார், காலையில் நடுக்கம் அடங்கக் குடிக்கிறாரா, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இந்த வயதுக்குச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் செய்வதே பாதுகாப்பு. நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

தெம்புக்கு என்று பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும் வழக்கம் நம் ஊரில் உண்டு. தொடர்ந்து குடிப்பவருக்குத் தயமின், அதாவது வைட்டமின் பி1, வற்றிப்போயிருக்கும். அதை ஊசியில் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் கண் அசைவு, நடை, ஞாபகம் மூன்றும் கெடலாம். ‘பி1 போட்டாச்சா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

விளம்பர மருந்தைத் தொடவே தொடாதீர்கள். அதில் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் சரிந்துவிடும். இதயம் பலவீனமானவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்கள்கூட நோயாளியின் சம்மதமில்லாமல் இதைக் கொடுக்கக் கூடாது. ஆசையைக் குறைக்க வேறு மருந்துகள் உண்டு. ஈரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்துத்தான் எது என்று முடிவு செய்வார்கள்.

வர மறுக்கிறாரா? முதலில் நீங்கள் மட்டும் போய் டாக்டரிடம் பேசுங்கள். கட்டணமில்லா எண் 14446-இல் குடும்பத்தாரும் ஆலோசனை கேட்கலாம். அப்பாவிடம் ராத்திரியில் சண்டை போடாமல், காலையில் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். தூக்கம் வராதது, கை நடுங்குவது என்று அவரையே வாட்டும் தொல்லையிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.