பழைய படத்துக்குக் கலர் போடுமுன்: கேள்வி-பதில்

1952-இல் எடுத்த தாத்தா-பாட்டி கல்யாணப் படத்தை இரண்டு ஆப்களில் கலராக்கினேன். ஒன்று புடவையை நீலமாக்கியது, இன்னொன்று பழுப்பாக்கியது. பாட்டியோ அது அரக்குப் புடவை என்கிறார். எதை நம்பிப் பிரிண்ட் போடுவது? (வாசகி, திருநெல்வேலி)

பாட்டியை நம்புங்கள். கறுப்பு-வெள்ளைப் படத்தில் பதிவாகியிருப்பது வெளிச்ச அளவு மட்டும்தான். மென்பொருள் அதை அப்படியே வைத்துக்கொண்டு, தான் பயிற்சி பெற்ற கலர்ப் படங்களைக் கொண்டு நிறத்தை ஊகித்து மேலே பூசுகிறது. வானம், இலை, புல் என்றால் ஊகம் பெரும்பாலும் சரியாக வரும். புடவை எந்த நிறத்திலும் இருக்கலாமே! அப்படிப்பட்ட இடங்களில் பல நிறங்களுக்கும் நடுவான ஒரு மங்கிய பழுப்பிலோ சாம்பல் நீலத்திலோ போய் நின்றுவிடும். ஆப்பில் போட்ட படங்களில் அந்தக் காலத்து மனிதர்கள் எல்லோரும் சாயம் போன துணி உடுத்தியவர்கள் போலத் தெரிவது இதனால்தான்.

உங்கள் படத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கலாம். ஆர்த்தோகுரோமாட்டிக் எனப்படும் பழைய வகை ஃபிலிமும் பிளேட்டும் சிவப்பு ஒளியை உணராதவை. இருட்டறையில் சிவப்பு விளக்கை எரியவிட்டே கழுவலாம் என்ற வசதிக்காக, எல்லா நிறங்களையும் உணரும் ஃபிலிம் வந்த பின்னும் இது புழக்கத்தில் இருந்தது. அதில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். குங்குமப் பொட்டும் உதடும் கன்னங்கரேலென்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கறுப்பாகத் தெரியும் புடவை உண்மையில் அரக்காக இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

இந்த மாதிரிப் படத்தைக் கையால் கலர் போடுபவரிடம் கொடுங்கள். அவர் செய்யவேண்டிய வரிசை இது: முதலில் புடவைப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, படம் திருத்தும் மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் வைத்து ஓரளவு வெளுக்க வேண்டும். பிறகு தனி லேயரில் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு), வெளிச்ச அளவைத் தொடாமல் நிறத்தை மட்டும் ஏற்றும் 'கலர்' பிளெண்ட் முறையில் அரக்கைப் பூச வேண்டும். வெளுக்காமல் பூசினால் எந்த நிறமும் எடுபடாது, கறுப்பு கறுப்பாகவே நிற்கும். "சார், பூசியாச்சு, தெரியலையே" என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதால்தான்.

கொடுக்கும்போது கலர்க் குறிப்பு ஒன்றும் எழுதிக் கொடுங்கள்: புடவை உடல், கரை, ரவிக்கை, தாலி மஞ்சள் கயிறா சங்கிலியா, தோட்டில் வெள்ளைக்கல்லா சிவப்புக்கல்லா. அந்தப் புடவை இன்னும் பெட்டியில் இருந்தால், பகலில் வாசல் நிழலில் விரித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்துப் படமெடுத்துத் தாருங்கள். டியூப்லைட்டில் எடுத்தால் நிறம் ஏமாற்றும்.

கடையில் கலராக்கித் தந்த படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அப்பா மாதிரியே இல்லை. என்ன ஆயிற்று? (வாசகர், ஈரோடு)

பழி கலர் மேல் இல்லை. கூடவே 'ஃபேஸ் என்ஹான்ஸ்' என்ற முகத்தெளிவு வசதியையும் ஓட்டியிருப்பார்கள். மங்கலான முகத்தை அது துலக்குவதில்லை, தனக்குத் தெரிந்த முகங்களைக் கொண்டு புதிதாக ஒரு முகத்தை வரைந்து வைக்கிறது. கண்ணிமை, பல் வரிசை, மூக்கு நுனி மூன்றும் முதலில் மாறும். நம் ஊர்ப் படங்களில் கூடுதல் சேதாரம் உண்டு: நெற்றியில் விபூதிப் பட்டை கீறல் என்று அழிந்துபோகும், மூக்குத்தி தூசி என்று போய்விடும், அம்மைத் தழும்பும் மச்சமும் காணாமல் போகும். மாநிறமும் கறுப்பும் ஒரே ஆரஞ்சு கலந்த வெளுப்பாகிவிடும்.

காசு கொடுக்கும் முன் கடையின் திரையிலேயே சரிபாருங்கள். மூல ஸ்கேனை மேல் லேயராக வைத்து அணைத்து அணைத்துப் போடச் சொல்லுங்கள். முகத்தில் எதுவும் அசையக்கூடாது, நிறம் மட்டுமே மாற வேண்டும். முகத்தெளிவு கட்டாயம் வேண்டும் என்றால் அந்த லேயரை 20–30 சதவீதத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். எங்களைக் கேட்டால், முகம் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியதாக உள்ள குரூப் போட்டோக்களில் அதைத் தொடவே வேண்டாம்.

சட்டத்தில் இருக்கும் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுத்துக் கொடுத்தால்தான் கலர் போட முடியும் என்கிறார்கள். (வாசகர், நாகப்பட்டினம்)

பிரிக்காதீர்கள். படத்தின் மேல்பரப்பு ஜெலட்டின். கடலோர ஈரத்தில் அது இளகிப் பசைபோலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பிறகு காய்ந்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியிலும் தாள் உங்கள் கையிலுமாக வரும். தண்ணீரில் ஊறவைக்கும் யோசனையும் வேண்டாம், கையால் வண்ணம் தீட்டிய படமாக இருந்தால் சாயமும் கரைந்துவிடும்.

பின்பக்க ஆணிகளைக் கழற்றிச் சட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு, கண்ணாடியும் படமுமாகவே ஸ்கேன் செய்யுங்கள். இங்கேதான் ஸ்கேனர் வகை முக்கியம். வீட்டு ஆல்-இன்-ஒன் பிரிண்டர்களிலும் மெல்லிய ஸ்கேனர்களிலும் இருப்பது பெரும்பாலும் சிஐஎஸ் சென்சார். அதற்குத் தன் கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டுமே தெளிவாகத் தெரியும், 2 மி.மீ. மேலே போனாலும் மங்கும். சிசிடி வகை அந்த இடைவெளியைச் சமாளிக்கும். ஸ்கேனர் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே சோதிக்கலாம்: ஒரு கண்ணாடித் துண்டுக்கு மேல் அச்சுத் தாளை வைத்து ஸ்கேன் செய்யுங்கள், எழுத்து குழம்பினால் அது சிஐஎஸ்.

சிசிடி கிடைக்காவிட்டால் கேமராவே போதும். அறையை இருட்டாக்கி, இரு பக்கமும் ஒரே மாதிரி விளக்கை 45 பாகையில் வையுங்கள். கேமராவின் உருவம் கண்ணாடியில் விழாதபடி நடுவில் ஓட்டையிட்ட கறுப்புத் துணியை முன்னால் கட்டுங்கள். ஃபோனில் எடுத்தால் ஓரம் வளையாதிருக்க, தள்ளி நின்று 2 எக்ஸ் ஜூமில் எடுங்கள்.

1983-இல் எடுத்த கலர்ப் படங்கள் செக்கச்சிவந்துவிட்டன. புதிதாகக் கலர் போட எவ்வளவு ஆகும்? (வாசகி, சேலம்)

கலர் போடவே வேண்டாம், அந்தக் கட்டணத்தையும் கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தேவை நிறத் திருத்தம், அது வேலையும் குறைவு. அந்தக் காலத்துக் கலர்த் தாளில் மூன்று சாயங்கள் இருந்தன. ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தபோதே சயான் (பச்சை கலந்த நீலம்) சாயம் மற்ற இரண்டைவிட வேகமாக மங்கியதால் சிவப்பு மேலோங்கிவிட்டது. மிச்சமுள்ள சாயத்தில் உண்மையான நிறத்தின் தடயம் இன்னும் இருக்கிறது. ஆப்பில் போட்டால் அதையும் அழித்துவிட்டு ஊகத்தைப் பூசும்.

48 பிட் கலர், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) என்று வைத்து, டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். படம் திருத்தும் மென்பொருளின் லெவல்ஸ் பகுதியில் சிவப்புச் சானலைத் தனியாக எடுத்து, வரைபடம் தொடங்கும் இடம்வரை கறுப்பு முனையை வலப்பக்கம் நகர்த்துங்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் அதேபோல இரு முனைகளையும் சரிசெய்யுங்கள். கடைசியாக, படத்தில் வெள்ளை என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை, வேட்டியையோ சுவரையோ பார்த்து ஒத்திப் பாருங்கள். நெகட்டிவ் கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள், பிரிண்டைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

'3 நாள் இலவசம்' என்ற கலர் ஆப்பைப் போட்டுவிட்டு அழித்தும்விட்டேன். ஆனாலும் வாரம் தவறாமல் பணம் போகிறது. (வாசகர், மதுரை)

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் பகுதியில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய் ரத்து செய்யுங்கள். பிறகு உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியிலும், தானாகப் பணம் எடுக்க நீங்கள் தந்த ஆணை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து அதையும் ரத்து செய்யுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, குறுஞ்செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். எளிதில் வெளியேற விடாத சந்தாப் பொறியை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தடை செய்கிறது. திரைப்பிடிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

இதற்குப் பணம் தேவையா என்பதே கேள்விதான். 2018-இல் வந்த டீஓல்டிஃபை முதல் பல நிறமூட்டும் நிரல்கள் இலவசமாகவே இணையத்தில் கிடக்கின்றன. ஒருமுறை பார்த்துத் திருப்திப்பட அவை தாராளமாகப் போதும்.

ஸ்டூடியோவில் கொடுத்த ஒரே மூலப் படத்தைத் தொலைத்துவிட்டார்கள். பில்லில் 'நாங்கள் பொறுப்பல்ல' என்று இருக்கிறது. (வாசகர், திருச்சி)

அப்படி அச்சிட்டதாலேயே பொறுப்பு தீர்ந்துவிடாது. முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் வழக்கு படத்தைத் திரும்பக் கொண்டுவராது. மற்றவர்கள் மூலப் படத்தைக் கடையில் விட்டுவராமல், நின்று ஸ்கேன் செய்து கையோடு வாங்கி வாருங்கள். திருத்தாத ஸ்கேன் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சின்னப் படத்திலிருந்து 12×18 அங்குலம் போட முடியுமா? (வாசகி, காரைக்குடி)

3.5×5 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2100×3000 பிக்சல் கிடைக்கும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 7×10, சுவரில் தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 போதும் என்றால் 10.5×15. அதற்கு மேல் இழுத்தால் தாளின் சொரசொரப்புதான் பெரிதாகும். 1200 டிபிஐக்குப் போனாலும் சாதாரணப் பிரிண்டில் புதிதாக விவரம் கிடைப்பது அரிது, பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு மட்டும் முயன்று பாருங்கள். 6×6 செ.மீ. நெகட்டிவ் இருந்தால் கதையே வேறு: 2400 டிபிஐயில் ஒரு பக்கத்துக்கு 5,000 பிக்சலுக்கு மேல் வரும், 12 அங்குலம் தாராளம். மேட் தாளில் போடுங்கள், பளபளக்கும் கிளாஸி தாளில் திருத்திய இடம் ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரியும்.