கொலுசு, கூத்து, சினிமா: கலை சம்பாதிக்கும் காசு யார் கைக்குப் போகிறது?

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். பண்பாட்டுத் தொழில்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி: சார், பண்பாட்டுத் தொழில் என்றால் சினிமா, பாட்டு மட்டும்தானா? நம்ம ஊர்க் கொலுசு சேராதா?

சேரும்மா. 1998இல் பிரிட்டன் அரசு இப்படிப்பட்ட தொழில்களைக் கணக்கெடுத்தபோது 13 துறைகளைச் சேர்த்தது. விளம்பரம், சினிமா, இசை, மென்பொருளோடு கைவினையும் அதில் உண்டு. யுனெஸ்கோவின் 2022 அறிக்கைப்படி உலக உற்பத்தியில் இந்தத் துறைகளின் பங்கு 3.1 சதவீதம், வேலைவாய்ப்பில் 6.2 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். வேலை செய்பவர்கள் நிறைய, ஆளுக்குக் கிடைப்பது கொஞ்சம். கீழே வரும் கேள்விகள் எல்லாமே ஒருவிதத்தில் இதைப் பற்றித்தான்.

பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை: புது டிசைன் போட்டால் மூன்றே மாதத்தில் வேறு ஊரில் மெஷினில் அடித்துவிடுகிறார்கள். புவிசார் குறியீடு இதைத் தடுக்குமா?

தடுக்காதுங்க. இந்தக் குழப்பம் பல பேருக்கு இருக்கிறது. புவிசார் குறியீடு ஊரோடு ஒட்டிய பெயரைத்தான் காக்கும். சேலம் வெண்பட்டுக்கு அது இருக்கிறது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்கும் கிடைத்தது. அதே மாதிரி வேட்டியை வேறு ஊரில் நெய்யலாம், 'சேலம் வெண்பட்டு' என்று விற்கக்கூடாது, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம். பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஒரு விஷயம்: கடைக்குப் போவதற்கு முன்பே பதியணும். சந்தைக்கு வந்துவிட்டால் அது புதுசு இல்லை என்று தள்ளிவிடுவார்கள்.

வாங்குகிறவர் வெள்ளிக்குக் காசு தருகிறார், சேதாரத்துக்குத் தருகிறார், கூலிக்குத் தருகிறார். அந்த வளைவை யோசித்த மூளைக்கு பில்லில் ஒரு வரிகூட இல்லை.

ஓய்வு பெற்ற தபால்காரர், கன்னங்குறிச்சி: ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை. நாம் ஏன் கோடம்பாக்கத்திடம் தோற்றோம்?

எனக்கும் அதே வருத்தம்தான் அண்ணே, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். டி.ஆர். சுந்தரம் நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். 1935இல் தொடங்கிய ஸ்டுடியோவை ஒரு பஞ்சாலையைப் போலத்தான் நடத்தினார்: நேரத்துக்கு வேலை, மாதச் சம்பளம், எல்லாம் ஒரே வளாகத்துக்குள். மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938இல் இங்கிருந்துதான் போனது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும் 1956இல் இங்கேதான். கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' (1950) இங்கே எடுத்ததுதான். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். தச்சர், தையற்காரர், பெயின்டர், சமையற்காரர் என்று அதை நம்பி எத்தனை அடுப்பு எரிந்திருக்கும்!

அப்புறம் என்ன ஆனது? என் கணக்கு இது. நடிகர்கள் மாதச் சம்பளத்தை விட்டு, படத்துக்கு இவ்வளவு என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரே சமயத்தில் நாலு படத்தில் நடிப்பவருக்கு நாலு ஸ்டுடியோவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வசதி. சென்னையில் அது இருந்தது, லேபும் ஃபைனான்ஸும் அங்கேயே. சேலத்தில் இருந்தது ஒரே ஒரு கம்பெனி. 1963இல் சுந்தரம் மறைந்தார், அதற்குப் பிறகும் சில காலம் ஓடியது.

இதையே கொலுசோடு வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் உருக்கு, அடுத்த வீட்டில் கம்பி இழுப்பு, இன்னொரு வீட்டில் பற்றவைப்பு, எதிர்ச்சந்தில் மெருகு. ஒரு பட்டறை மூடினாலும் தொழில் போகாது. ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற பொருளாதார அறிஞர் 1890லேயே இதை எழுதிவிட்டார்: ஒரே தொழில் குவிந்த ஊரில் அதன் சூட்சுமம் காற்றிலேயே இருக்கும், குழந்தைகள் தானாகக் கற்றுக்கொள்வார்கள் என்று. நம் சினிமா தனிமரம், கொலுசு தோப்பு.

ஜவுளிக்கடை ஊழியர், முதல் அக்ரஹாரம்: பண்பாடு வியாபாரத்தை மாற்றுமா, வியாபாரம் பண்பாட்டை மாற்றுமா?

ஆடி மாதத்தைப் பாருங்க. கல்யாணம் கிடையாது, பட்டு வேட்டிக்கு ஆர்டர் படுத்துவிடும். அந்த மந்தத்தைச் சமாளிக்க வந்ததுதான் ஆடித் தள்ளுபடி. இன்றைக்குத் தள்ளுபடிக்காகவே ஆடிக்குக் காத்திருக்கிறோம். அதே மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையால் பூக்காரருக்கு ஓய்வே இல்லை. ரெண்டும் நடக்கிறது.

கூத்துக் கலைஞரின் மகன், ஓமலூர் பக்கம்: அப்பா ஆடிய ஆட்டத்தை நான் ஏன் தொடர முடியவில்லை? எனக்கு அக்கறை இல்லை என்கிறார்கள்.

அக்கறை இல்லாததால் இல்லை தம்பி. 1966இல் பாமல், போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் மேடைக்கலைகளின் கணக்கைத் தோண்டிப் பார்த்தார்கள். கைத்தறி இருந்த இடத்தில் விசைத்தறி வந்தால் அதே ஆள் பல மடங்கு நெய்வான், கூலியும் ஏறும். 'பதினெட்டாம் போர்' கூத்து ஆட உன் தாத்தா காலத்தில் எத்தனை பேர், எத்தனை நேரம்? இன்றைக்கும் அதே ஆட்கள், அதே விடியவிடிய. வெளியே கூலி ஏற ஏற, கூத்தின் செலவும் ஏறத்தான் செய்யும். டிக்கெட் கிடையாது, ஊர் வரியில் நடக்கிற கலை. வரியோ அந்த அளவுக்கு ஏறுவதில்லை. நீ மில்லுக்குப் போனது கணக்குப்படி சரி. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அப்பா பதிந்திருக்கிறாரா என்று மட்டும் பார்.

வீட்டு வாடகை விடுபவர், ஏற்காடு: கோடை விழாவில் கூட்டம் அள்ளுகிறது. மலைக்கு லாபம்தானே?

வருகிற காசு மலையில் எத்தனை நாள் தங்குகிறது என்று பார்க்கணும். அரிசியும் கோழியும் கீழிருந்து வருகிறது, பெரிய விடுதியின் லாபம் கீழே போகிறது. மலையாளி என்ற இந்த மலையின் பழங்குடி மக்களுக்கு மிஞ்சுவது கூலி வேலை. அவர்களுடைய சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதம்தான். அங்கே கடை போடுவது யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஒரு அம்மா, ஜங்ஷன்: பையன் இசைதான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறான். பயமாக இருக்கிறது சார்.

படிக்கட்டும்மா. 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டப்படி, சினிமாவுக்குப் பாட்டெழுதுபவரும் இசையமைப்பவரும் தியேட்டருக்கு வெளியே அந்தப் பாட்டு சம்பாதிப்பதில் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஆனால் அந்தப் பங்கைக் கேட்டு வாங்குவது வேறு வித்தை. முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு அம்மாபேட்டைக்கு வரச் சொல்லுங்கள், காபி குடித்துக்கொண்டே வரிவரியாகப் படித்துவிடலாம்.