உளுந்து விதைத் தரம்: மாணவர்களும் விவசாயிகளும் கேட்டவை

விதைப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். டெல்டா விவசாயிகள் சொந்தமாக எடுத்து வைக்கும் உளுந்து விதையை ஆய்வுக்கு எடுத்திருக்கும் மாணவர்களும், சில விவசாயிகளும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

இறுதியாண்டு மாணவி, தஞ்சாவூர்: மேடம், ஐம்பது வீடுகளில் மாதிரி எடுக்கப் போகிறேன். சித்திரையில் அறுவடை முடிந்ததும் எடுத்துவிடலாமா?

சித்திரையில் எடுங்கள் அம்மா, ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். நெல் தரிசு உளுந்து, அதாவது நெல் அறுவடையை ஒட்டி வயலில் மிஞ்சிய ஈரத்தில் தெளிக்கிற உளுந்து, பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வந்தால் திரும்ப வயலுக்குப் போவது தையில். நடுவில் ஒன்பது மாதம், அதில் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் சேர்த்தி. விதை கெடுவது அந்த மழையில்தான். அதனால் அதே வீட்டில், அதே சாக்கில், ஆவணியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை எடுத்தே ஆக வேண்டும். ஐம்பது வீட்டுக்கு மூன்று தடவை போக முடியாது என்றால் இருபது வீடு போதும்.

எடுக்கும் விதத்தையும் சொல்கிறேன். ஒரு வீட்டில் சாக்கு சிமெண்ட் தரையில், சுவரை ஒட்டி இருந்தது. மேலே கைவிட்டு அள்ளினேன், விதை சலசலவென்று விரலிடுக்கில் வழிந்தது. அடியில் குத்தூசி விட்டு எடுத்தேன், பூசண வாடையோடு விரலில் ஒட்டியது. இரண்டும் ஒரே சாக்கு! மேல் கைப்பிடியை மட்டும் சோதித்து 'நல்ல விதை' என்று எழுதியிருந்தால் அந்த மனிதரைத் தையில் ஏமாற்றியிருப்பேன். மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து மாதிரியாக்குங்கள். ஈரப்பதம் பார்க்க வேண்டியதைக் காற்றுப் புகாத டப்பாவில் அங்கேயே மூடிவிடுங்கள். துணிப்பையில் கொண்டுவந்தால் பஸ்ஸிலேயே ஈரப்பதம் மாறிவிடும்.

முதுநிலை மாணவர்: நூறு நூறு விதையாக நான்கு முறை ஈரக் காகிதச் சுருளில் முளைக்க வைத்தேன். சராசரி 64 தான் முளைத்தது. விதை தேறவில்லை என்று எழுதலாமா?

முளைக்காத மீதி என்ன ஆனது என்று பார்த்தீர்களா தம்பி? ஏழாம் நாள் சுருளைப் பிரிக்கும்போது சில விதைகள் தண்ணீரே குடிக்காமல் வைத்தபடி கல்லாக இருக்கும். அது கடின விதை, செத்தது இல்லை. உளுந்துக்குச் சான்று விதைத் தரம், அதாவது அரசு முறைப்படி சோதித்துச் சான்று தரும் விதைக்கான தரம், முளைப்பு குறைந்தது 75 சதவீதம், அதில் கடின விதையும் சேர்த்தி. உங்கள் 64-உடன் 12 கடின விதை இருந்தால் 76, தேறிவிட்டது. அளவுக்கு மேல் காய்ந்த உளுந்தில் இது கூடுதலாகவே வரும். வேர் குட்டையாகி, முறுக்கிக்கொண்டு வரும் நாற்றை மட்டும் முளைத்த கணக்கில் சேர்க்காதீர்கள். பச்சையாகத் தெரிகிறதே என்று மாணவர்கள் அதையும் எண்ணிவிடுகிறார்கள், நான் அதிகம் திருத்தியது இந்தத் தவறைத்தான்.

விவசாயி, திருவாரூர்: லேபுக்கெல்லாம் போக முடியாதும்மா. வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

உண்டு ஐயா. பொறுக்கி எடுக்காமல் கைக்கு வந்தபடி நூறு விதை எண்ணி, ஈரச்சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் ஏழு நாள் காயவிடாமல் வையுங்கள். 75-க்கு மேல் நல்ல நாற்று வந்தால் கவலையில்லை. 60 வந்தால் ஏக்கருக்குப் பத்து கிலோ தெளிக்கிற இடத்தில் பன்னிரண்டரை கிலோ தெளியுங்கள். பாதிகூட வரவில்லை என்றால் விதையை மாற்றிவிடுங்கள். ஈரத்தில் தெளிக்கிற பயிர், தை போனால் திரும்பத் தெளிக்க வழியில்லை.

விவசாயி: ஒரு ஓட்டை இல்லாமல்தான் மூட்டை கட்டினேன். இரண்டே மாதத்தில் வண்டு எங்கிருந்து வந்தது?

வயலிலிருந்தே வந்தது. பயறு வண்டு முற்றிய நெற்றின் மேலேயே முட்டை வைத்துவிடும். புழு விதைக்குள் புகுந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, வண்டு வெளியே வரும்போதுதான் ஓட்டை தெரியும். நெற்று முற்றியதும் தாமதிக்காமல் அறுத்து, உச்சிவெயில் தவிர்த்துக் காலையும் மாலையும் காய வைத்து, ஈரப்பதம் 9 சதவீதத்துக்குள் வந்த பிறகு கட்டுங்கள். சாம்பல் கலந்து பானையில் வைத்த பழைய வழக்கம் சும்மா வந்ததில்லை. நுண்ணிய தூள் வண்டின் மேல்தோலை உராய்ந்து அதை வறட்டிக் கொன்றுவிடும். மாணவர்களே, எந்த வீட்டில் எதில் வைக்கிறார்கள், என்ன கலக்கிறார்கள் என்பதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

மாணவர்: பக்கத்து விவசாயிக்கு விதை விற்றேன் என்கிறார் ஒருவர். அது குற்றமா?

இல்லை. 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, சேமிக்க, விதைக்க, பகிர, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. ஆனால் இந்தச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட ரகத்தை, அந்த ரகம் என்று லேபிள் ஒட்டிய பையில் போட்டு விற்கக்கூடாது.

மாணவி: சான்று விதையோடு ஒப்பிடச் சொல்கிறார் என் வழிகாட்டி. அது சரியா?

சரிதான், ரகமும் வயதும் ஒன்றாக இருந்தால். ஏ.டி.டி. 3 என்ற உளுந்து ரகம் வைத்திருப்பவரின் ஒன்பது மாத விதையை வேறு ரகத்தின் புது விதையோடு வைத்துப் பார்ப்பது அநியாயம். ஒப்பிட எடுக்கும் சான்று விதையையும் சித்திரையிலேயே வாங்கி, அதே ஊரில் ஒரு வீட்டில் தை வரை வைத்திருங்கள்.

மாணவர்: முடிவை விவசாயிகளிடம் எப்போது சொல்லலாம்? ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகா?

வேண்டாம் தம்பி. நீங்கள் ஒப்படைப்பதற்குள் அவர் விதைத்து அறுத்தே முடித்திருப்பார். மார்கழி மாதிரியின் ஏழாம் நாள் எண்ணிக்கை வந்த அன்றே ஒரு சீட்டில் தமிழில் எழுதுங்கள். அவர் பெயர், நூறில் முளைத்தது எத்தனை, ஏக்கருக்கு எத்தனை கிலோ தெளிக்கலாம், இவ்வளவு போதும். எழுதியதை நேரில் கொண்டுபோய்ப் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.