தோளுக்கு மேல் ஒரு பார்வை

கேள்வி: காப்ரியேல் மூன்டர் வரைந்த மரியன்னே வெரெஃப்கின் உருவப்படத்தை ஒரு நாட்காட்டியில் கண்டேன். முகத்தில் பச்சையும் ஊதாவுமாக வண்ணங்கள். ஆனாலும் அந்தப் பார்வை மனத்தை விட்டு அகலவில்லை. காரணம் என்ன?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: 1909-இல் அட்டையின் மீது எண்ணெய் வண்ணத்தில் தீட்டப்பட்ட அந்த ஓவியம் இப்போது மியூனிக் நகரின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஜெர்மானிய ஓவியரான மூன்டரைப் போன்ற எக்ஸ்பிரஷனிச (உணர்வு வெளிப்பாட்டு) ஓவியர்கள் தோலின் நிறத்தை உள்ளபடியே வரைய முயலாமல், எதிரில் இருப்பவரைக் காண்கையில் தமக்குள் எழும் உணர்வுக்கு இசைந்த நிறத்தையே தேர்ந்தார்கள். ஆகவே அந்தப் பச்சையைப் பிழையென்று கொள்ள வேண்டாம்.

படத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பூக்கள் குவிந்த அகன்ற தொப்பி, கீழே சரியும் ஊதாத் துகில், பின்னால் கொதிக்கும் மஞ்சள் (அச்சில் இது பெரும்பாலும் மங்கிவிடும்) ஆகிய இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே, தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மை அளவெடுக்கும் கண்கள் மட்டும் அசையாமல் நிற்கின்றன. ரஷ்யாவில் பிறந்த வெரெஃப்கினும் தேர்ந்த ஓவியரே. யாவ்லென்ஸ்கி என்ற ஓவியரின் வளர்ச்சிக்காகத் தம் தூரிகையை ஏறத்தாழ பத்தாண்டுகள் கீழே வைத்திருந்து, மீண்டும் எடுத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்டர் அவரை அழகுபடுத்தவும் இல்லை, இரக்கத்துக்குரியவராக்கவும் இல்லை. தம்மைப் போன்ற இன்னொரு ஓவியராகவே கண்டு வரைந்தார் என்பது என் எண்ணம்.