கூறு விட்டுக் கூறு

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் சாயங்காலம் இட்லிக் கடை போடுகிறேன். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் ஒன், பயோ மேத்ஸ், தமிழ் மீடியம். என் அண்ணன் நீட் எழுத வை என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா இன்ஜினியரிங்குக்கு ஜேஇஇ என்கிறார். ஒரு கோச்சிங் சென்டரில் நீட், ஜேஇஇ, க்யூட் மூன்றுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். வெளிநாட்டுக்கு எஸ்ஏடி என்று ஒன்று இருக்கிறதாமே. அவளைக் கேட்டால் “எதுன்னாலும் எழுதறேம்மா” என்கிறாள். எதற்குத் தயார் செய்யட்டும்? காசிமேட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன், நம்ம பக்கத்து ஆள் என்பதால் கேட்கிறேன்.

ச., தண்டையார்பேட்டை

அன்புள்ள ச.,

முதலில் திட்டிவிடுகிறேன். ஒன்றரை லட்சத்துக்கு எத்தனை இட்லி என்று கணக்குப் போட்டீர்களா? எதை எழுதுவது என்று முடிவு செய்யாதவர்களுக்காகவே மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். முன்பணம் கட்டியிருந்தால் நாளைக்கே போய்த் திரும்பக் கேளுங்கள். கட்டவில்லை என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எஸ்ஏடியை மறந்துவிடுங்கள். க்யூட் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு. திருவாரூருக்கோ டில்லிக்கோ அனுப்ப மனசு இருந்தால் அடுத்த வருஷம் யோசிக்கலாம். நீட் இருக்க வேண்டுமா கூடாதா என்பதில் எனக்கும் கருத்து உண்டு, உங்களுக்கு இன்றைக்கு அது உதவாது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் உதவி பெறும் பள்ளி சேராது. அதை நம்பி யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

நுழைவுத் தேர்வே எழுதாமல் போகும் வழிகளை உங்கள் அண்ணனும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்கு பிளஸ் டூ மார்க்தான்: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. மாநில ஒதுக்கீட்டு இடங்களில் கால்நடை மருத்துவத்துக்கும் பிளஸ் டூ மார்க்தான், அந்தப் பல்கலைக்கழகம் இதோ மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது. மீன்வளப் படிப்புக்கும் அப்படியே, பொன்னேரியில் கல்லூரி இருக்கிறது. பயோ மேத்ஸ் படிக்கிற பெண்ணுக்கு இந்த மூன்று கதவும் திறந்திருக்கின்றன.

இவ்வளவுதான் உங்கள் கேள்விக்குப் பதில். உங்கள் கடிதத்தை உடனே எடுத்ததற்குக் காரணம் வேறு.

போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன் பழைய நீட் தாள் ஒன்றை வீட்டில் எழுதிப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தான். 180 கேள்வி, 180 நிமிடம், 720 மார்க். விடைத்தாளில் 1 முதல் 97 வரை ஒன்றுவிடாமல் கறுப்புப் பொட்டு. 98லிருந்து கடைசிவரை வெள்ளை. அந்தத் தாளில் உயிரியல் 91இல்தான் ஆரம்பிக்கிறது. அவனுக்கு நன்றாக வருவதோ உயிரியல்தான். தொண்ணூறு கேள்வியில் ஏழைத் தொட்டிருக்கிறான். “இன்னாடா இது?” என்றேன். “ஃபிசிக்ஸ்லயே டைம் போயிருச்சுண்ணா. ஒரு கேள்வியும் விடக் கூடாதுன்னு சார் சொல்வாரு.”

அந்த சாரை எனக்கும் தெரியும். என் காலத்திலும் இருந்தார். “ஒண்ணுமே தெரியலைன்னா கேள்வியையாவது திருப்பி எழுதிட்டு வா” என்பார். பிளஸ் டூ தேர்வுக்கு அது சரியான புத்தி. தப்பாக எழுதினால் ஒன்றும் குறையாது, பாதி எழுதினாலும் பாதி மார்க் வரும். பன்னிரண்டு வருஷம் அதில் ஊறின பிள்ளையைத் தூக்கி இங்கே போடுகிறோம். பாடத்தில் அவன் தோற்கவில்லை. விடத் தெரியாமல் தோற்கிறான்.

தப்புக்கு மார்க் பிடிப்பதுதான் பயம் என்று நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. கண்ணை மூடிக்கொண்டு நாலு கேள்விக்குப் பொட்டு வைத்தால், சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. நாலில் மூன்று போக ஒன்று மிச்சம்தான். அரைகுறையாகத் தெரிந்ததில்தான் அடி விழும், அரைகுறையாகத் தெரிந்தவன் எதைப் பிடிப்பான் என்று பார்த்துத்தான் தப்பு விடைகளையே எழுதுகிறார்கள். அதையும் தாங்கிக்கொள்ளலாம். நிமிடம் போனால்தான் வராது. ஒரு கேள்விக்கு ஆறு நிமிடம் கொடுத்தால், பின்னால் காத்திருக்கிற ஐந்து கேள்வியின் நேரத்தைத் தின்றாயிற்று. ஜேஇஇ மெயினும் அப்படித்தான், 75 கேள்விக்கு மூன்று மணி நேரம்.

என் அத்தை காசிமேட்டில் மீனை ஏலம் எடுத்து, கூடையில் வைத்து தெருத்தெருவாக விற்றவர். பள்ளி விடுமுறையில் விடியற்காலை மூன்று மணிக்கு என்னைக் கூடை தூக்க இழுத்துக்கொண்டு போவார். லாஞ்சிலிருந்து இறக்கின மீனைத் தார்ப்பாயில் கூறு கூறாகக் கொட்டியிருப்பார்கள். ஐஸ் தண்ணீர் காலடியில் ஓடும். ஏலக்காரர் ஒரு கூறின் முன்னால் நின்று விலை ஏற்றிக்கொண்டே போவார். ஒருநாள் நல்ல வஞ்சிரம், செவுள் ரத்தமாய் இருந்தது. அத்தை இரண்டு தரம் கேட்டார், மூன்றாவது தரம் வாயே திறக்கவில்லை, நகர்ந்துவிட்டார். நான் மீனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். “இன்னாத்துக்குடா அங்கியே நின்னுனு கீற? அந்தாண்ட காரப்பொடி கூறு போயிடும், வா” என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். அன்றைக்கு அந்தக் காரப்பொடி மீனில்தான் காசு பார்த்தார். வஞ்சிரத்தைப் பிடிவாதமாக எடுத்த அம்மாள் ஒன்பது மணிக்கும் அதே இடத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன்தான் நான். 1993இல் மாநில நுழைவுத் தேர்வு எழுதப் போனேன். (2007இல் அது ஒழிந்தது.) கப்பிக் கணக்கு ஒன்று, இரண்டு எடை, ஒரு கயிறு. விடை வருகிற மாதிரியே இருந்தது. பென்சிலைக் கடித்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தபோது கடைசிப் பக்கத்தைத் திருப்பியே பார்க்கவில்லை. அத்தை அன்று ராத்திரி மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எத்தினி விட்ட?” ஒன்றும் விடவில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

உங்கள் மகள் எதுவானாலும் எழுதுகிறேன் என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை, ச. நல்ல பெண்ணாக இருக்கிறாள், அதுதான் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய நீட் தாளை ஜெராக்ஸ் எடுத்து, நீட் நடக்கிற அதே இரண்டு மணிக்கு உட்கார வையுங்கள். ஐந்து மணிக்கு வாங்கிவிடுங்கள். அடுத்த ஞாயிறு ஜேஇஇ தாள். எதில் கை ஓடுகிறது, எது தலைவலி என்று இரண்டாவது வாரமே அவளே சொல்லிவிடுவாள். இரண்டுமே தலைவலி என்றால் மாதவரத்துக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பேசாமல் மார்க்கை மட்டும் எடுக்கட்டும்.

தாளை வாங்கும்போது எத்தனை சரி என்று கேட்காதீர்கள். எத்தனை விட்டாள், எதை விட்டாள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அப்புறம், கடை எந்தத் தெரு என்று எழுதவில்லையே?